‘இக்கேள்வி எழவில்லை’: அமைச்சரின் பதிலை எப்படிப் படிப்பது?

2024 ஆகஸ்ட். பாரிஸ் ஒலிம்பிக்ஸ் நடந்துகொண்டிருந்த நேரம். உங்கள் வாட்ஸ்அப்புக்கும் அந்த கார்டு வந்திருக்கும். கேலோ இந்தியா திட்டத்தில் உத்தரப் பிரதேசத்துக்கு சுமார் 438 கோடி ரூபாய், குஜராத்துக்கு சுமார் 426 கோடி, ஹரியாணாவுக்கு 66 கோடிச் சொச்சம், தமிழ்நாட்டுக்கு 20 கோடிச் சொச்சம். அதற்குக் கீழே இன்னொரு வரி: பாரிஸ் போன 117 இந்திய வீரர்களில் ஹரியாணாக்காரர்கள் 24 பேர், தமிழ்நாட்டிலிருந்து 13 பேர், குஜராத்திலிருந்து 2 பேர். படித்ததும் சுர்ருன்னு வரும். ஃபார்வேர்டு பண்ணியாச்சு, அடுத்த வேலையைப் பார்க்கப் போயாச்சு.

அந்த எண்கள் யாரோ கிளப்பிவிட்டவை அல்ல. நாடாளுமன்றத்தில் ஒரு உறுப்பினர் எழுதிக் கேட்ட கேள்விக்கு, விளையாட்டு அமைச்சகம் எழுதிக் கொடுத்த பதிலிலிருந்து வந்தவை. கலாசாரம், விளையாட்டு, ஒலிபரப்பு ஆகிய மூன்று துறைகளைப் பற்றியும் நம் கைக்கு வரும் நம்பகமான எண்களில் பெரும்பகுதி இப்படித்தான் வருகிறது. பிரச்சினை என்னவென்றால், எண் மட்டும் நம்மை வந்து சேர்கிறது; கேள்வி வருவதில்லை. கேள்வி என்னவென்று தெரியாமல் பதிலைப் படித்தால், அது எதற்கான பதில் என்பதே தெரியாது.

கேலோ இந்தியா கார்டையே எடுத்துக்கொள்வோம். அது விளையாட்டுக் கட்டமைப்புக்கான ஒதுக்கீடு. மைதானம், உள்ளரங்கம், செயற்கை இழை ஓடுதளம் மாதிரியான வேலைகள். ஒலிம்பிக்ஸ் போகும் வீரரின் வெளிநாட்டுப் பயிற்சி, பயிற்சியாளர் சம்பளம், உபகரணம் ஆகியவற்றுக்கான பணம் ‘டாப்ஸ்’ என்ற திட்டத்திலும், தேசிய விளையாட்டுச் சம்மேளனங்களுக்கான ஆண்டுப் பயிற்சி ஒதுக்கீட்டிலும் இருக்கிறது. பாரிஸுக்கான தயாரிப்பில் அந்த வகையில் செலவானது சுமார் 470 கோடி. ஆகவே குஜராத்துக்குக் கொடுத்த 426 கோடியையும் அங்கிருந்து போன 2 வீரர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது, சமையலறை கட்டிய செலவையும் அன்றைய சாப்பாட்டையும் ஒப்பிடுவது போல.

அதற்காக அமைச்சகம் தப்பித்தது என்று அர்த்தமில்லை. தொடர்ந்து பதக்கம் தருகிற ஹரியாணாவில் கட்டமைப்புக்கு ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு அமைச்சகத்தின் பதில் ஒரு அச்சில் வார்த்தது. பத்து வருட பதில்களைப் புரட்டினாலும் வார்த்தை பெரிதாக மாறியிருக்காது. ‘விளையாட்டு மாநிலப் பட்டியலில் உள்ளது. வளர்ச்சிப் பொறுப்பு முதன்மையாக மாநில அரசுகளுடையது. முக்கியமான இடைவெளிகளை நிரப்பி மத்திய அரசு துணை நிற்கிறது.’ அரசியலமைப்பின்படி இது உண்மைதான், மாநிலப் பட்டியல் 33-வது இனம். ஆனால் ‘நிரப்ப வேண்டிய இடைவெளி’ எது என்று யார் முடிவு செய்கிறார்கள்? எந்த மாநிலம் எத்தனை திட்ட முன்மொழிவு அனுப்பியது, எத்தனை நிராகரிக்கப்பட்டது, காரணம் என்ன? இதைக் கேட்டிருந்தால் கார்டு போட முடியாது. ஆனால் விஷயம் வெளியே வந்திருக்கும். மாநில அரசே முன்மொழிவு அனுப்பவில்லை என்று தெரிந்தால், கோபத்தின் விலாசமும் மாறும்.

கேள்வி எப்படிப் போகிறது?

மக்களவையில் தினமும் முதல் ஒரு மணி நேரம், 11 முதல் 12 வரை, கேள்வி நேரம். மாநிலங்களவையில் 2014-இன் இறுதியிலிருந்து அது 12 முதல் 1 வரை. ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் ஒரு நாள். எம்.பி. குறைந்தது 15 முழு நாள்களுக்கு முன்பே கேள்வியை எழுதிக் கொடுக்க வேண்டும். வருகிற நோட்டீஸ்கள் குலுக்கலில் போகும். ஆமாம், குலுக்கல்தான். உங்கள் தொகுதி எம்.பி. எவ்வளவு நல்ல கேள்வி எழுதினாலும் சீட்டு விழ வேண்டும்.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகள் நட்சத்திரக் குறி பெறும். அவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், உறுப்பினர்கள் துணைக் கேள்வி கேட்கலாம். மீதி 230 கேள்விகளுக்கு எழுத்துப்பூர்வ பதில் மட்டும். மேசையில் வைத்தால் முடிந்தது. அந்த 20-லும் ஒரு மணி நேரத்துக்குள் வாய்மொழிப் பதில் பெறுவது பெரும்பாலும் ஐந்தாறுதான். மற்றவை எழுத்துப் பதிலாகவே போய்விடும். அவை அமளியில் ஒத்திவைக்கப்பட்டால் அந்த ஐந்தாறும் கிடையாது. எந்தக் கட்சி எதிர்க்கட்சி வரிசையில் இருந்தாலும் இதுதான் நடக்கிறது. அமைச்சரை நிற்கவைத்துக் கேட்கக் கிடைத்த ஒரு மணி நேரத்தைப் பதாகை பிடித்துக் கழிப்பது அமைச்சருக்குத்தான் வசதி என்பது இந்தப் பக்கத்தின் கருத்து. 2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டி அரசு கேள்வி நேரத்தையே ரத்து செய்தபோது எழுந்த எதிர்ப்பு நியாயமானது. ஆனால் சாதாரண நாள்களில் அதே மணி நேரம் அமளியில் கரைவதற்கு அந்த அளவு கோபம் எழுவதில்லை.

துணைக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு பழைய சம்பவம் போதும். 1957-ல் எல்.ஐ.சி. பணம் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் முதலீடு செய்யப்பட்டதை மக்களவையில் விடாமல் துருவியவர் ஃபெரோஸ் காந்தி. ஆளும் காங்கிரஸ் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். சாக்ளா விசாரணை ஆணையம் அமைந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அறிக்கைகளாலும் போராட்டத்தாலும் அல்ல. அவையில் சொன்ன பதிலும் ஆவணமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததை ஒருவர் விடாப்பிடியாகக் காட்டியதால். கலாசாரம், விளையாட்டுத் துறைகளில் இந்த மாதிரி ஒரு துருவலை நாம் பார்த்ததே இல்லை. அவற்றை ‘சின்னத் துறை’யாக நினைப்பது ஒரு காரணம்.

பதில் எழுதும் கலை

நாடாளுமன்றத்தின் இணையதளமான சன்சத்-டாட்-இன்னில் அமைச்சகத்தின் பெயர் போட்டுத் தேடினால் எல்லாப் பதில்களும் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். ஒரு பத்து பதில் படித்தாலே பாணி பிடிபட்டுவிடும்.

கேள்வி (அ), (ஆ), (இ), (ஈ) என்று பிரிந்திருக்கும். (அ) எத்தனை? (ஆ) மாநில வாரியாக எவ்வளவு? (இ) தாமதத்துக்குக் காரணம்? (ஈ) யார் மீது நடவடிக்கை? பதிலோ ‘(அ) முதல் (ஈ) வரை’ என்று நான்கையும் ஒரே கட்டாகக் கட்டிவிடும். அதன் பிறகு திட்டம் எப்போது தொடங்கியது, நோக்கம் என்ன, பயன் என்ன என்று ஒரு பக்கம். இணைப்பில் ஒரு அட்டவணை. பிரித்துப் பார்த்தால் (இ)-யும் (ஈ)-யும் எங்கேயும் இருக்காது. கேட்காமல் விட்டது போலவே தெரியாது, அதுதான் சாமர்த்தியம். அடுத்த முறை எந்தப் பதிலைப் படித்தாலும், முதலில் கேள்வியின் கடைசி இரண்டு பிரிவுகளைப் பாருங்கள். பிறகு பதிலில் அவற்றைத் தேடுங்கள்.

‘இக்கேள்வி எழவில்லை’ என்பது இன்னொரு வகை. (அ)-வில் ‘அப்படி ஒரு திட்டம் பரிசீலனையில் உள்ளதா?’ என்று கேட்டால், ‘இல்லை’. மீதி எல்லாவற்றுக்கும் ‘எழவில்லை’. இதில் பாதித் தவறு கேட்டவருடையது. ‘ஆம்/இல்லை’ என்று முடிகிற கேள்வியை முதலில் வைத்தால் கதவை நாமே சாத்திவிட்டுத் தட்டுகிற கதைதான்.

‘தகவல் திரட்டப்பட்டு வருகிறது, அவையின் மேசையில் வைக்கப்படும்’ என்ற வரியைப் பார்த்தால் சலித்துக்கொண்டு மூடிவிடாதீர்கள். நடைமுறையில் இது ஒரு வாக்குறுதி. இரு அவைகளிலும் அரசு உறுதிமொழிகள் குழு என்று ஒன்று இருக்கிறது. மக்களவையில் 1953-லிருந்து, மாநிலங்களவையில் 1972-லிருந்து. அமைச்சர் இப்படிச் சொன்னால் மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையென்றால் அவகாசம் கேட்க வேண்டும். செய்தியாளர்கள் கண்டுகொள்ளாத குழு இது. நாங்களும் அடிக்கடி எட்டிப்பார்ப்பதில்லை என்பதையும் சொல்லிவிடலாம்.

ஒலிபரப்புத் துறையில் தனி ரகம்: ‘பிரசார் பாரதி தெரிவித்துள்ளதாவது...’ பிரசார் பாரதி 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1997-லிருந்து தன்னாட்சி நிறுவனம். எனவே உள்ளூர் வானொலி நிலையத்தில் ஆள் இல்லை என்று கேட்டால், அமைச்சர் அந்த நிறுவனம் சொன்னதைத் தபால்காரர் போலக் கொடுத்துவிடலாம். மக்களவை விதி 41-ம் இதற்குத் துணை: அரசுக்கு முதன்மையாகப் பொறுப்பில்லாத அமைப்புகளின் கட்டுப்பாட்டில் உள்ள விஷயத்தைக் கேட்கக் கூடாது. ஆனால் பெருமை பேசும் நேரத்தில் தூரம் தெரிவதில்லை. 2024 ஜனவரி 19 அன்று சென்னையில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியைத் தொடங்கிவைத்த பிரதமர், அதே மேடையில்தான் பொதிகையை ‘டிடி தமிழ்’ என்ற பெயரில் தொடங்கிவைத்தார். விழாவுக்கு அரசு, குறை சொன்னால் தன்னாட்சி. 2021 முதல் தகவல் ஒலிபரப்புத் துறை இணையமைச்சராக இருக்கும் எல்.முருகன் தமிழ்நாட்டுக்காரர். நம்மூர் நிலையங்களைப் பற்றி அவரிடம் நம் எம்.பி.க்கள் கேட்க நிறையவே இருக்கிறது.

இரண்டு தமிழ்க் கேள்விகள்

2020 பிப்ரவரியில் மக்களவையில் வந்த ஒரு பதில் இன்னும் மேற்கோள் காட்டப்படுகிறது. மூன்று ஆண்டுகளில் சம்ஸ்கிருதத்துக்கு 643.84 கோடி ரூபாய். அப்போது செம்மொழித் தகுதி பெற்றிருந்த மற்ற ஐந்து மொழிகளுக்கும் சேர்த்து சுமார் 29 கோடி. தமிழுக்கு 2017-18-ல் 10.59 கோடி, அடுத்த ஆண்டு 4.65 கோடி, அதற்கடுத்த ஆண்டு 7.7 கோடி. மலையாளத்துக்கும் ஒடியாவுக்கும் ஒன்றுமில்லை.

இதற்கு எப்போதும் வருகிற எதிர்வாதம்: சம்ஸ்கிருதத் தொகை ராஷ்ட்ரிய சம்ஸ்கிருத சன்ஸ்தான் என்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தை நடத்துகிற செலவு, பல மாநிலங்களில் வளாகங்கள், பேராசிரியர் சம்பளம் எல்லாம் அதில் அடக்கம், தமிழுக்கான தொகை சென்னையில் உள்ள ஒரே ஆய்வு நிறுவனத்துக்கானது. தகவல் சரி. ஆனால் இது விளக்கமே தவிர பதில் ஆகாது. ஒரு மொழிக்கு நாடு முழுக்க வளாகங்கள், இன்னொன்றுக்கு ஒரே ஒரு கட்டடம் என்பதுதானே கேள்வியே! அந்த நிறுவனம் அதே 2020-ல் மத்தியப் பல்கலைக்கழகமாகவும் உயர்த்தப்பட்டது. 2025-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெறப்பட்ட விவரம் இன்னும் நீண்ட காலத்தைக் காட்டியது: 2014-15 முதல் 2024-25 வரை சம்ஸ்கிருதத்துக்கு 2,532.59 கோடி, மற்ற ஐந்துக்கும் சேர்த்து 147.56 கோடி.

இதில் நம் எம்.பி.க்களிடமும் ஒரு குறை உண்டு. ‘எவ்வளவு கொடுத்தீர்கள்?’ என்பதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம், எண் வருகிறது, கோபம் வருகிறது, ஓய்கிறது. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பப்பட்டது எத்தனை, கொடுத்த பணத்தில் செலவானது எவ்வளவு, திருப்பி அனுப்பியது எவ்வளவு? இதையும் விடாமல் கேட்டால் அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டை உயர்த்தச் சொல்ல கையில் ஆதாரம் இருக்கும்.

இரண்டாவது, கீழடி. இந்தியத் தொல்லியல் துறையின் கே.அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் 2014-15, 2015-16 ஆகிய இரண்டு பருவங்களில் நடந்த அகழாய்வின் அறிக்கை 982 பக்கங்கள். 2023 ஜனவரியில் சமர்ப்பிக்கப்பட்டது. 2025 மே மாதம் திருத்தம் கேட்டு அவருக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முக்கிய ஆட்சேபம், முதல் காலகட்டத்தை பொ.ஆ.மு. 8 முதல் 5-ஆம் நூற்றாண்டு வரை என்று வைத்ததற்குப் போதிய நியாயம் இல்லை என்பது. தன் முடிவு சான்றுகளின் அடிப்படையிலானது என்று சொல்லி அவர் மாற்ற மறுத்தார். அடுத்த மாதமே இடமாற்றம். அதே ஆண்டு மழைக்காலக் கூட்டத்தொடரில் கலாசார அமைச்சகம் தந்த பதிலின் சாரம்: நிபுணர்களின் கருத்து ஆய்வாளருக்கு அனுப்பப்பட்டுள்ளது, திருத்தம் நிலுவையில் உள்ளது.

படிக்கும்போது, தாமதம் ஆய்வாளரால்தான் என்று தோன்றுகிறதா? அப்படித் தோன்றும்படிதான் வாக்கியம் அமைந்திருக்கிறது. 2023 ஜனவரியிலிருந்து 2025 மே வரையிலான இரண்டேகால் வருஷம் அந்த வாக்கியத்துக்குள் காணாமல் போய்விடுகிறது. ‘அறிக்கை எப்போது வெளியாகும்?’ என்று கேட்டால் இந்த மாதிரி பதில்தான் வரும். அறிக்கை எந்தத் தேதியில் எந்த நிபுணருக்குப் போனது, அவர் எந்தத் தேதியில் கருத்து சொன்னார், எத்தனை கரிமக் காலக்கணிப்பு மாதிரிகளை எந்த அடிப்படையில் ஏற்க மறுத்தார் என்று தேதி தேதியாகக் கேட்டால் மழுப்புவது கஷ்டம். தொல்லியலில் கருத்து வேறுபாடு சகஜம். நிபுணர் சொன்னது சரியாகவும் இருக்கலாம். அப்படியென்றால் அறிக்கையையும் வெளியிடுங்கள், மறுப்பையும் வெளியிடுங்கள், உலகம் படித்துக்கொள்ளட்டும்.

எண் கேட்டால் எண் கிடைக்கும் என்பதற்கு இதே துறையில் ஓர் உதாரணம் உண்டு. மத்தியப் பாதுகாப்பில் உள்ள 3,693 நினைவுச் சின்னங்களில் 50 காணவில்லை என்று 2022-ல் நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் துறை ஒப்புக்கொண்டது. 14 நகரமயமாதலில் அழிந்தன, 12 அணைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் மூழ்கின, 24 எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை. கட்டடம் காணாமல் போவது எப்படி என்று சிரிப்பு வரலாம். இந்த விவரம் வெளிவந்தது, 2013-ல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 92 என்று ஒரு எண்ணைப் போட்டுவைத்ததால். ஒரு எண் பதிவானால் அடுத்து கேட்பவருக்குப் பிடி கிடைக்கிறது.

கிரிக்கெட்டும் ஆன்டெனாவும்

கடைசியாக, உங்கள் போன் சம்பந்தப்பட்ட ஒன்று. 2007 ஜனவரியில் வெஸ்ட் இண்டீஸ் தொடரின் ஒளிபரப்பு உரிமை வைத்திருந்த நிம்பஸ் நிறுவனத்துக்கும் தூர்தர்ஷனுக்கும் தகராறு வந்தது. அதைத் தொடர்ந்து அவசரச் சட்டம், அதே ஆண்டில் சட்டம். தேசிய முக்கியத்துவம் வாய்ந்த போட்டி என்று அரசு அறிவித்தால், உரிமை வாங்கிய தனியார் சேனல் விளம்பரம் இல்லாத நேரலை சிக்னலை பிரசார் பாரதிக்குக் கொடுத்தாக வேண்டும். தொலைக்காட்சி விளம்பர வருமானத்தில் 75 சதவீதம் உரிமையாளருக்கு, 25 சதவீதம் பிரசார் பாரதிக்கு. வானொலியில் பாதிக்குப் பாதி. காசு இல்லாதவரும் இந்தியா ஆடுவதைப் பார்க்கலாம் என்பதுதான் நோக்கம். பிரிட்டனிலும் 1996-ஆம் ஆண்டு ஒலிபரப்புச் சட்டப்படி ஒலிம்பிக்ஸ், விம்பிள்டன் இறுதிப் போட்டி போன்றவை இலவச சேனலில் வர வேண்டும். அங்கே கலாசாரம், ஊடகம், விளையாட்டு மூன்றும் ஒரே அமைச்சரிடம் இருப்பதால் ‘அது வேறு அமைச்சகம்’ என்று கைகாட்ட முடியாது. முன்கூட்டியே எழுதிக் கொடுக்காத கேள்விகளுக்கும் அவர் அவையில் பதில் சொல்ல வேண்டும்.

நம் சட்டத்தில் ஒரு நெளிவு. சிக்னலைத் தரைவழி ஒளிபரப்பிலும் டிடிஎச்சிலும் மறுஒளிபரப்பலாம் என்றுதான் அதில் இருக்கிறது. 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை அப்படியே வாசித்தது: தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழி ஒளிபரப்பிலும் ஃப்ரீ டிஷ்ஷிலும் மட்டும், கேபிளில் வரும் தூர்தர்ஷனில் கிடையாது. சட்டத்தைத் திருத்தி கேபிளையும் சேர்க்க 2018-ல் ஒரு வரைவு வந்தது, சட்டமாகவில்லை. இதற்கிடையே கொடைக்கானல் டவரைப் பார்த்து மொட்டை மாடியில் ஆன்டெனா திருப்பிய காலம் போய்விட்டது. பழைய அனலாக் தரைவழி டிரான்ஸ்மிட்டர்களில் பெரும்பாலானவற்றை 2022 மார்ச்சுக்குள் பிரசார் பாரதியே மூடிவிட்டது. ஆக, சட்டம் வாக்களித்த இலவசக் கிரிக்கெட் இன்று ஃப்ரீ டிஷ் பொருத்தியவருக்கு மட்டும். தமிழ்நாட்டில் கேபிள் வைத்திருக்கும் வீடுகளுக்கு அது இல்லை. போனில் பார்ப்பவரைப் பற்றி 2007-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குத் தெரியவே தெரியாது.

2024 நவம்பரில் பிரசார் பாரதி ‘வேவ்ஸ்’ என்ற தன் ஓடிடி செயலியைக் கோவாவில் தொடங்கிவைத்தது. அரசிடம் இப்போது செயலி இருக்கிறது, சிக்னல் கைக்கு வருகிறது, ஆனால் அந்தச் சிக்னலை அந்தச் செயலியில் போடச் சட்டத்தில் இடமில்லை. பல ஆயிரம் கோடி கொடுத்து டிஜிட்டல் உரிமை வாங்கிய நிறுவனங்கள் இதை எளிதில் விட்டுக்கொடுக்காது, அவற்றின் பக்கமும் நியாயம் உண்டு. இருந்தாலும் அரசின் நிலைப்பாடு என்ன என்பதைத் தெரிந்துகொள்ள நமக்கு உரிமை இருக்கிறது. அடுத்த கூட்டத்தொடரில் தகவல் ஒலிபரப்புத் துறைக்கு ஒரு தமிழ்நாட்டு எம்.பி. இப்படிக் கேட்கலாம். (அ) 2007 சட்டத்தின் கீழ் பகிரப்பட்ட ஒவ்வொரு போட்டியிலும் பிரசார் பாரதிக்குக் கிடைத்த 25 சதவீதப் பங்கு, ஆண்டு வாரியாக எவ்வளவு? (ஆ) 2018 வரைவுக்கு வந்த கருத்துகளில் ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை, வரைவு எந்தத் தேதியில் யாரால் நிறுத்தப்பட்டது? (இ) கேபிளையும் வேவ்ஸையும் சட்டத்துக்குள் கொண்டுவரும் திருத்தத்துக்கு அமைச்சகத்தின் கோப்பில் கடைசியாக எழுதப்பட்ட குறிப்பின் தேதி என்ன?